வந்த வரிசை

என் கணவர் யார்டு கேட்டில் காசுக்குக் கை நீட்டுகிறார் என்று எனக்கு முதலில் சொன்னவள், ராயபுரத்தில் நாங்கள் போகும் கோயிலில் எப்போதும் எனக்கு முன் பெஞ்சில் உட்காரும் ஒரு பெண். நேராகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா சுரூபம் இருக்கும் கெபியில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். அவளுடைய தம்பி டிரெய்லர் ஓட்டுகிறவன்.

"இன்னா, உங்க வூட்டுக்காரருக்கு இப்ப நல்ல வசதியாமே" என்றாள்.

என்ன வசதி என்று கேட்டேன். டிரைவர்கள் பேசிக்கொள்கிறார்கள், தனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டுத் தன் மெழுகுவத்தியை என்னுடையதிலிருந்து பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

என் கணவர் திருவொற்றியூரைத் தாண்டி, எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் சூப்பர்வைசர். ஹார்பரிலிருந்து டிரெய்லர்கள் பெட்டியோடு வரும், இறக்கும், வேறு பெட்டியை ஏற்றிக்கொண்டு திரும்பும். ஒரே வண்டி ஒரு நாளில் பல நடை அடிக்கும். உள்ளே கிரேன் காலியானால்தான் அடுத்த வண்டியை விட முடியும் என்பதால் மற்றவை சாலையோரத்தில் காத்து நிற்கும். வந்து நிற்கும் வண்டியின் நம்பரை வாசலில் இருக்கும் செக்யூரிட்டி கம்ப்யூட்டரில் தட்டுவார். அடுத்தது யார் என்று கேபினுக்குள் ஒரு ஸ்கிரீன் காட்டும். என் கணவர் அதைப் பார்த்து மைக்கில் கூப்பிடுவார். அவ்வளவுதான் வேலை. ஆனால் டிரைவருக்கு நடைக்குத்தான் பேட்டா. சாலையில் நிற்கிற நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. அதனால் யாரை முதலில் கூப்பிடுகிறார்கள் என்பது அங்கே சின்ன விஷயம் இல்லை.

மழைக்காலம் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த மழையில் கேபினுக்குள் தண்ணீர் ஏறி, மேசைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர் முழுகிப்போனது. நிர்வாகம் உடனே புதிது வாங்கித் தரவில்லை. என் கணவரே ஸ்டோருக்குப் போய், மூலையில் கிடந்த ஒரு பழைய மிஷினைத் தேடி எடுத்து, தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்தார். புரோகிராமை எழுதிய ஆள் அதற்குள் வேலை மாறி பெங்களூர் போயிருந்தான். எதை எதை ஏற்ற வேண்டும் என்று போனிலேயே சொன்னான். ஓடியது. எல்லோருக்கும் நிம்மதி.

பிறகுதான் வரிசை மாறத் தொடங்கியது. முன்னால் வந்தவன் நிற்க, பின்னால் வந்தவன் உள்ளே போனான். தாறுமாறாக மாறியிருந்தால்கூட யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். மிஷின் கெட்டுவிட்டது என்று விட்டிருப்பார்கள். அப்படி மாறவில்லை. ஒரு நாள் பூராவும் ஏதோ ஒரு வண்டிக்கு மட்டும் ராஜயோகம். எத்தனை நடை வந்தாலும், எவ்வளவு பேர் முன்னால் நின்றாலும், அந்த வண்டியைச் சீக்கிரம் கூப்பிட்டுவிடுவார்கள். வேறொரு வண்டிக்கு அன்றெல்லாம் நேரமே வராது. மறுநாள் அந்த ராஜா சாதாரண ஆளாகிவிடுவான், வேறொருவன் ராஜாவாகிவிடுவான். இதை டிரைவர்கள் உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள். தினமும் காலையில் எவனோ ஒருத்தன் கேட்டைக் 'கவனித்து'விடுகிறான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

ஆனால் அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது கெபியில் நின்ற பெண்ணின் சிரிப்பும், வீட்டில் என் கண்ணில் பட்டதும்தான்.

என் கணவர் வாயாடி. எந்த டிரைவர் எந்த செக்யூரிட்டியோடு சண்டை போட்டான், எந்த வண்டியின் கதவில் என்ன எழுதியிருந்தது, எல்லாம் சாப்பிடும்போது சொல்லி முடித்துவிடுவார். அது நின்றுபோயிருந்தது. போன் வந்தால் எழுந்து மொட்டை மாடிக்குப் போனார். நான் துணி எடுக்கிற சாக்கில் ஒருநாள் மேலே ஏறியபோது, "அப்பால பேசுறேன்" என்று வைத்துவிட்டார். யார் என்றேன். யார்டு ஆள் என்றார். யார்டு ஆளோடு பேச மாடி எதற்கு என்று நான் கேட்கவில்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு இறால் வந்தது. ஒரு நாள் காலையில் எங்கள் வாசல் கிரில்லில் ஒரு பை தொங்கியது. உள்ளே நல்ல பெரிய இறால், ஐஸோடு. காசிமேட்டில் நான் விலை கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற ரகம். என் கணவர் பையைப் பார்த்தார், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரோ தோஸ்து கொடுத்திருப்பான் என்றார். தோஸ்து என்றால் கதவைத் தட்டிக் கையில் கொடுத்துவிட்டு ஒரு காபியாவது குடித்துவிட்டுத்தான் போவான். நான் அதை உரித்துத் தொக்கு வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை, ரசம் போதும் என்றார். அதையும் அவர் கணக்கில் ஏற்றினேன். குற்றமுள்ள ஆளுக்குத்தான் இறங்காது என்று நினைத்தேன்.

நான் ஒரு சின்ன கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் பாதி நாள் வேலை. சரியாக ஓடுகிறது என்று யாராவது சொன்னால் எங்கே, காட்டு என்று கேட்டே பழக்கம். அந்தப் பழக்கத்தை வாசலில் செருப்போடு கழற்றிப் போட எனக்குத் தெரியவில்லை. அவர் சட்டையைத் துவைக்கப் போடும்முன் பாக்கெட்டைத் துழாவினேன். ஒரு தீப்பெட்டியும் டீக்கடைச் சில்லறையும் இருந்தன. சில்லறையைக்கூட ஒருமுறை உற்றுப் பார்த்தேன்.

இந்த நிலையில் அவரே ஒருநாள் கேட்டார். "நீ ஒரு தபா வந்து அந்த மிஷின பாரேன்."

என்ன ஆச்சு என்றேன்.

"வரிசை மாறி மாறி வருதுன்றானுங்கோ. அல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறானுங்க. பெங்களூர்காரனக் கேட்டா, அவன் மிஷின்ல கரீட்டா வருதாம். யாரோ உள்ள கைய வெச்சிருக்காங்கன்றான்."

எனக்கு முதலில் தோன்றியது, இவருக்கு ஒரு சாட்சி தேவைப்படுகிறது என்பதுதான். பொண்டாட்டி புரோகிராம் எழுதுகிறவள், அவளே பார்த்துவிட்டு மிஷின் கோளாறு என்று சொல்லிவிட்டாள் என்றால் யார்டு மேனேஜர் மேலே ஒன்றும் கேட்க மாட்டார். வருகிறேன் என்றேன். காப்பாற்றப் போகிறேனா பிடிக்கப் போகிறேனா என்று எனக்கே தெளிவில்லை.

எனக்கு லீவான ஒரு சனிக்கிழமை காலை மேனேஜரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு என்னை பைக்கில் கூட்டிப்போனார். சாலையோரம் டிரெய்லர்கள் நீளமாக நின்றன. சிலர் வண்டிக்குக் கீழே லுங்கியை விரித்துப் படுத்திருந்தார்கள். நான் இறங்கியதும் பேச்சு நின்றது. கேபின் வாசலில் நெட்டுக்குப்பத்து டிரைவர் ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும். முன்பு படகில் போனவர், ஆற்றில் மீன் குறைந்துபோன பிறகு ஸ்டியரிங் பிடித்தவர் என்று என் கணவர் பின்னால் சொன்னார். முந்தின வாரம் காலையில் வந்து நின்று சாயங்காலம் வரை கூப்பிடாமல் விடப்பட்டது அவர் வண்டிதான். அவர் எனக்கு வழிவிட்டார். வணக்கம் சொல்லவில்லை.

அடுத்த நடை தொடங்குமுன் ஏழெட்டு வண்டி நம்பர்களை நானே தட்டிப் பார்த்தேன். ஸ்கிரீனில் வேறு வரிசையில் வந்தன. அழித்துவிட்டு அதே நம்பர்களைத் தலைகீழாகத் தட்டினேன். கிட்டத்தட்ட முன்பு வந்த வரிசையே வந்தது. முதலில் நின்றது அதே வண்டி. இன்னொரு விதமாகக் கலைத்துத் தட்டினேன். மறுபடியும் அதே வண்டி தலையில்.

மிஷின் கோளாறு என்றால் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வர வேண்டும். எப்படிக் கொடுத்தாலும் ஒருத்தனைத் தூக்கி முன்னால் வைப்பது என்றால், எவனை வைக்க வேண்டும் என்று யாரோ உள்ளே சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அந்த வண்டி நம்பர் எங்கேயாவது எழுதப்பட்டிருக்க வேண்டும். என் கணவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கொண்டிருந்தார். அவர் மூச்சு என் தலையில் பட்டது. டீ வாங்கி வாருங்கள் என்றேன். ஒரு கணம் நின்றுவிட்டுப் போனார்.

அவர் போனதும் புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்தேன். சின்னதுதான். எந்த வண்டி நம்பரும் எங்கேயும் இல்லை. வேறு கோப்பு எதையாவது அது திறக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. பெங்களூர்காரன் எழுதியதை யாரும் தொட்டதாகவே தெரியவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். அதே நம்பர்களைத் தட்டினேன். இப்போது வேறொரு வண்டி தலையில் நின்றது. கடைசியில் கிடந்தது நடுவுக்கு வந்திருந்தது. எப்படிக் கலைத்துத் தட்டினாலும் இந்தப் புதிய வரிசைதான். மறுபடி நிறுத்தி ஓட்டினேன். இன்னொரு ராஜா.

அப்போதுதான், புரோகிராமை எழுதியிருந்த பைதான் மொழி அந்த மிஷினில் எந்தப் பதிப்பு என்று பார்த்தேன். அந்தப் பழைய விண்டோஸில் அதற்கு மேல் ஏறாது என்பதால் மிகப் பழைய பதிப்பைப் போட்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். காத்திருக்கும் வண்டிகளைப் பெங்களூர்காரன் பைதானின் டிக்‌ஷனரி என்கிற அமைப்பில் போட்டு வைத்திருந்தான். வண்டி நம்பரைச் சொன்னால் அந்த வண்டியின் விவரத்தை உடனே எடுத்துத் தரும். உடனே தருவதற்காக அது ஒரு வேலை செய்கிறது. நம்பரை ஒரு கணக்கில் போட்டுக் கடைந்து, வருகிற விடையைப் பார்த்து ஏதோ ஓர் அறையில் வைத்துவிடுகிறது. தேடும்போது அதே கணக்கைப் போட்டு நேராக அந்த அறைக்குப் போய்விடும். பழைய பதிப்பில், உள்ளே இருப்பதையெல்லாம் வரிசையாகச் சொல் என்றால் அறைகளின் வரிசையில்தான் சொல்லும். யார் முன்னால் வந்தார்கள் என்பது அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. புதிய பதிப்புகள் வந்த வரிசையையும் நினைவில் வைத்துக்கொள்கின்றன. முதலில் அது தற்செயலான ஒரு பக்கவிளைவாகத்தான் இருந்தது, இதை நம்பி எழுதாதீர்கள் என்று பைதானைச் செய்தவர்களே சொன்னார்கள். அடுத்த பதிப்பில் அதையே உத்தரவாதமாக்கிவிட்டார்கள். பெங்களூர்காரனிடம் இருந்தது புதியது. அவன் மிஷினில் வரிசை சரியாக வந்தது. உத்தரவாதம் தன் பதிப்புக்கு மட்டும்தான் என்பதை அவன் யோசிக்கவில்லை.

நாளுக்கொரு ராஜாவுக்கும் காரணம் இருந்தது. வெளியாட்கள் அந்தக் கணக்கை ஊகித்து, வேண்டுமென்றே எல்லாவற்றையும் ஒரே அறையில் குவித்து மிஷினைத் திணறடித்துவிடக் கூடாது என்பதற்காக, புரோகிராம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ரகசிய எண்ணைத் தானாக எடுத்துக் கணக்கில் கலந்துகொள்கிறது. என் கணவர் தினமும் காலையில் வந்து மிஷினைப் போடுவார். அன்றைய ரகசிய எண்ணில் எந்த வண்டிக்கு முன் அறை கிடைக்கிறதோ அதற்கு அன்று முழுக்க யோகம். தினமும் காலையில் யாரோ ஒருவனோடு பேரம் முடிகிறது என்று டிரைவர்கள் நினைத்ததில் நேரம் மட்டும் சரிதான்.

என் கணவர் டீயோடு வந்தார். உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அவர், "எனக்குத் தெரியும்" என்றார்.

மேனேஜர் கேட்டுக்கொண்டார், தலையாட்டினார், புது மிஷின் வரும் என்றார். டிரைவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று என் கணவர் பிடிவாதமாக இருந்தார். வெளியே போய் எனக்குத் தெரிந்த எளிய தமிழில் சொன்னேன். யாரும் குறுக்கே பேசவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. கடைசியில் நெட்டுக்குப்பத்து டிரைவர் கேட்டார், தானே தட்டிப் பார்க்கலாமா என்று. உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன். ஒற்றை விரலால் தன் வண்டி நம்பரை முதலில் தட்டினார், பிறகு மற்றவர்களுடையதை. அவருடையது பின்னால் வந்தது. புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓட்டச் சொன்னேன். எந்தப் பட்டன் என்று கேட்டு அவரே செய்து, அதே நம்பர்களைத் தட்டினார். இந்த முறை அவர் வண்டி நடுவில் வந்தது. மறுபடி செய்தார். அவர் வண்டி தலையில் வந்து நின்றது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சரிம்மா. நீ படிச்ச பொண்ணு, மிஷின் தான் வெளாடுதுன்ற. ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா அந்த மிஷின ஸ்டோர்லேந்து தூக்கியாந்து வெச்சது யாரு?"

வெளியே நின்றவர்கள் எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு நொடிதான். அந்த நொடியில் அவர் பார்த்தது அவர்களை இல்லை, என்னை.

திரும்பும்போது விரைவுச் சாலையில் எதிர்க்காற்று. தலையைத் திருப்பாமல் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டார். "கேபின்ல ஃபிளாஸ்க்கு நெறைய டீ இருந்துச்சு. நீ பாத்த. அப்பால எதுக்கு என்ன வெளிய அனுப்புன?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. நீங்கள் இல்லாமல் பார்க்க வேண்டியிருந்தது என்றேன்.

"எத்தினி நாளா நெனச்சிகினு இருந்த?"

கோயிலில் அந்தப் பெண் சொன்னதிலிருந்து என்றேன். அவர் வண்டியை ஓரம் கட்டினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். போனை எடுத்து என் கையில் கொடுத்து, வந்த வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்கச் சொன்னார். எல்லாம் டிரைவர்கள் அனுப்பியது. அவரைத் திட்டியிருந்தார்கள், அவர் அம்மாவைத் திட்டியிருந்தார்கள். வீடு எங்கே இருக்கிறது என்று தெரியும் என்று ஒருவன் சொல்லியிருந்தான். ஒருவன் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியிருந்தான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. மாடிக்குப் போனதும் இந்த மாதிரி போன்களுக்குத்தான். நான் பயப்படுவேன் என்று மறைத்திருக்கிறார்.

இறால் யார் கொடுத்தது என்று கேட்டேன். அன்றைக்கு முதல் நாள் ராஜாவாக இருந்தவன் என்றார். காசு எதுவும் கொடுக்காமலே சூப்பர்வைசர் தன்மேல் பிரியமாக இருந்தார் என்று நம்பி நன்றிக்குத் தொங்கவிட்டுப் போயிருக்கிறான். திருப்பிக் கொடுக்க அவனிடம் போனால் மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள். சாப்பிட்டாலோ வாங்கியதாகிவிடும். அதனால்தான் ரசம்.

வண்டியைக் கிளப்பும்போது, "ஊரு நெனைக்கிறது வேற, நீ நெனைக்கிறது வேற" என்றார்.

அடுத்த வாரம் புது மிஷின் வந்தது. புதிய பைதானில் வரிசை தானாகவே சரியாக வரும், இருந்தாலும் நான் அந்த உத்தரவாதத்தை நம்பி விடவில்லை. ஒவ்வொரு வண்டியும் வந்த நேரத்தைப் பதிந்து, அந்த நேரப்படி அடுக்கிக் காட்டும்படி மாற்றிக் கொடுத்தேன். எந்த மிஷினில் எந்தப் பதிப்பில் ஓட்டினாலும் மாறாது. ஸ்கிரீனைக் கேபினுக்கு வெளியே, சாலையைப் பார்த்து வைக்கச் சொன்னேன். அப்படியும் டிரைவர்கள் தங்கள் வரிசையைச் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டு, ஸ்கிரீனோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் இரண்டும் பொருந்தவில்லை. சுவரில் எழுதியவன் ஒரு வண்டியை விட்டுவிட்டிருந்தான். உடனே, அவனை யார் விடச் சொன்னது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை வந்து, சாக்பீஸ் நின்றது.

பழைய மிஷினைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லிவிட்டார் மேனேஜர். என் கணவர் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்த டிரைவர்கள், ஆதாரத்தை எங்கே கொண்டுபோகிறார் என்று வழியை மறித்தார்கள். அவர் அப்படியே திரும்பிப் போய் மேசைக்குக் கீழே வைத்துவிட்டார். பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. யாரும் தொடுவதில்லை.

அவரே கேட்டு உள்ளே கிரேன் பக்கம் மாற்றிக்கொண்டார். இப்போது கேட்டில் வேறு ஆள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது, கிரேன் ஆபரேட்டர்களின் கதையெல்லாம் வருகிறது. போன வாரம் சாப்பிட உட்காரும்முன் சொன்னார்.

"அந்தப் புது ஆளு மேல எனக்கு ஒரு டவுட்டு கீது."

வரிசை சரியாகத்தானே வருகிறது என்றேன்.

"வருது. ஒரு நாள்கூட மாறல. ஒருத்தன்கூட சண்டைக்கு வரல" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, யோசித்துக்கொண்டுதான் இருந்தார். நான் சோற்றை வடித்துவிட்டுத் தட்டை எடுத்து வைத்தேன்.